லோரியை நிறைத்து அனுப்புங்கள்: தோட்டப்புறக் கடைகளுக்குச் சாமான் கொண்டுசேர்ப்பதில் புகையைக் குறைக்கும் வழி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஆர்டர் எடுப்பதும், லோரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று தாள் போட்டுக் கொடுப்பதும் என் வேலை. சாலைப் பலகையில் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா. தோட்டத்துக் கடைகள், தாமான் (குடியிருப்பு) ஓரத்து மளிகைக் கடைகள், ஒட்டுக்கடைகள், பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகள், விசேஷ நாளென்றால் கோயில்கள் என்று எல்லா இடத்துக்கும் நாங்கள் சாமான் அனுப்புகிறோம். ஒரு பக்கம் ஈஜோக், புக்கிட் ரோத்தான். இன்னொரு பக்கம் ராஜா மூசா. மேற்கே கம்போங் குவாந்தான் தாண்டிக் கோலசிலாங்கூர், கிழக்கே ரவாங் சாலை. நடுவில் எல்லாம் செம்பனை. 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கிய தென்னமரம் எங்களுக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது.

ஒரு லோரி, இரண்டு லோரி வைத்துச் சிறு ஊரில் விநியோகம் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கரியமில வாயுவைக் குறைப்பது பெரிய கம்பெனிகளின் வேலை, புது வண்டி வாங்கக் காசு இருப்பவர்களின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் லோரி எவ்வளவு டீசல் எரிக்கப்போகிறது என்பது, டிரைவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே ஆர்டர் புத்தகத்தில் பாதி முடிவாகிவிடுகிறது. ஆர்டரை எந்த நாள் மூடுகிறோம், எந்தப் பக்கம் எப்போது போகிறோம், கடையை விட்டுக் கிளம்பும்போது லோரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற மூன்றையும் ஒழுங்கு செய்தால், கையிலுள்ள அதே பழைய லோரியிலேயே பெரிய வித்தியாசம் தெரியும்.

இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கரியை (கார்பனை) பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ராஜா மூசா காடு கரிமண் சதுப்பு. நல்ல வறட்சியில் அது தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணில் சேர்ந்த கரி அப்படியே காற்றில் ஏறும். குழந்தைகள் இருமிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். இன்னொரு பக்கம் 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் பட்டபாட்டை எல்லோரும் பார்த்தோம். நாம் எரிக்கும் டீசல் அந்தக் காட்டுத் தீக்கு முன்னால் சிறியதுதான். ஆனாலும் அது நம் கையில் இருக்கிறது.

முதலில் லிட்டரை எழுதுங்கள்

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு, அதிலிருந்து எப்படி 2.7 கிலோ வரும் என்று எங்கள் டிரைவர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. டீசலில் இருக்கும் கரி, எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. கூடுகிற எடை காற்றிலிருந்து வந்தது.

நம் நாட்டு ஸ்டேஷன்களில் விற்கும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. போக்குவரத்துக்கு 10 விழுக்காட்டுக் கலவை 2019-இல் கட்டாயமானது. அந்தப் பங்கைத் தனியாகக் கணக்கிடும் முறைகள் உண்டு. என்னைக் கேட்டால், சின்னக் கடைக்காரர் அதற்குள் போக வேண்டாம். போட்ட லிட்டரை முழுதாக 2.7-ஆல் பெருக்குங்கள். கொஞ்சம் கூடுதலாக எண்ணினால் நஷ்டம் ஒன்றும் இல்லை, குறைத்து எண்ணினால்தான் நம்மை நாமே ஏமாற்றுவோம்.

லோரியில் ஒரு கட்டைப் புத்தகம் போதும். டீசல் போடும்போதெல்லாம் டாங்கியை முழுதாக நிறைத்து, அன்றைய மீட்டர் எண்ணையும் லிட்டரையும் எழுத வேண்டும். 50 வெள்ளிக்கு (ரிங்கிட்), 80 வெள்ளிக்கு என்று போட்டால் கணக்கு நிற்காது. நிறை டாங்கியிலிருந்து அடுத்த நிறை டாங்கி வரை எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று பார்த்தால்தான் வண்டியின் உண்மை தெரியும். அதோடு, ஒவ்வொரு நாளும் ஏற்றிய சரக்கின் எடையையும் எழுதுங்கள். தராசு வேண்டாம். அரிசி 10 கிலோ பை, மாவு 25 கிலோ மூட்டை, எண்ணெய் பெட்டி என்று பில்லிலேயே எடை இருக்கிறது, கூட்டிக்கொள்ளலாம்.

மாதக் கடைசியில் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: ஒரு டன் சாமானைக் கொண்டுசேர்க்க எத்தனை லிட்டர் ஆனது. மொத்த லிட்டரை மட்டும் பார்த்தால், வியாபாரம் குறைந்த மாதத்தில் நாம் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருக்கும், தீபாவளி மாதத்தில் எல்லாம் கெட்டுப்போன மாதிரி இருக்கும். டன்னால் வகுத்தால் அந்த மயக்கம் இல்லை. சரக்குப் போக்குவரத்தின் வாயுக் கணக்குக்கு 2023-இல் ஐஎஸ்ஓ 14083 என்று ஓர் உலகத் தரம் வந்தது. அது எடையையும் தூரத்தையும் பெருக்கி, டன்-கிலோமீட்டரில் கணக்குப் பார்க்கும். பெரிய இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம். கடைக்குள் முடிவெடுக்க, டன்னுக்கு எத்தனை லிட்டர் என்பதே போதும்.

ஆர்டர் புத்தகத்தில்தான் விஷயம்

தோட்டப்புற விநியோகத்தில் டீசலைத் தின்பது பெரிய ஆர்டர் இல்லை, சின்ன ஆர்டர். "தங்கச்சி, நாளைக்கு ரெண்டு பை அரிசியும் ஒரு பெட்டி மீ நூடுல்ஸும் அனுப்பும்மா" என்று ஒரு கடை அக்கா போன் செய்வார். மறுநாள் அதே பக்கத்தில் வேறொரு கடையிலிருந்து நான்கு தட்டு முட்டை கேட்டுப் போன் வரும். இரண்டுக்கும் தனித்தனியாக லோரி ஓடினால், செம்மண் சாலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து, பெரும்பாலும் காற்றை ஏற்றிக்கொண்டு போய் வருகிறோம். காலி லோரி கொஞ்சமாகக் குடிக்கும் என்று நினைக்க வேண்டாம். வண்டியின் சொந்த எடையை இழுக்கவும் காற்றைத் தள்ளவும் ஆகும் டீசல், சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆகத்தான் செய்யும். நிறைந்த லோரி கூடக் குடிக்கும், ஆனால் இரண்டு மடங்கு குடிக்காது. அந்த இடைவெளியில்தான் நம் சேமிப்பு இருக்கிறது.

ஒரு கணக்குக்கு இப்படிப் பாருங்கள். லிட்டருக்கு 7 கிலோமீட்டர் ஓடும் லோரி. ஒரு தோட்டப் பக்கம் போய்வர 40 கிலோமீட்டர். ஒரு நடைக்கு 5.7 லிட்டர், அதாவது 15 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கரியமில வாயு. அந்தப் பக்கம் வாரம் இரண்டு முறை போவதை ஒருமுறையாக்கினால் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 800 கிலோ குறையும். ஒரே ஒரு பக்கத்தில், ஒரே ஒரு நடையைக் குறைத்ததற்கு.

அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கிழமை வையுங்கள். ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு நாள், ராஜா மூசா பக்கம் ஒரு நாள், கோலசிலாங்கூர் சாலை ஒரு நாள். முந்தின நாள் மதியத்தோடு அந்தப் பக்கத்து ஆர்டரை மூடிவிட வேண்டும். மாலைக்குள் தாள் போட்டுவிட்டால், லோரி நிறைகிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். நிறையவில்லை என்றால் கடைகளுக்கு நானே போன் செய்வேன். "அக்கா, நாளைக்கு லோரி உங்க பக்கம் வருது. எண்ணெய் எவ்வளவு இருக்கு? சீனி இருக்கா?" பாதிப் பேர் ஏதாவது சேர்த்துச் சொல்வார்கள். விற்பனை கூடுவது ஒரு பக்கம். அடுத்த நாள் வரவிருந்த அவசர போன் ஒன்று இல்லாமல் போவதுதான் எனக்கு முக்கியம்.

கிழமை வைத்ததும் கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சிறுகச் சிறுக ஆர்டர் செய்வதற்கு நியாயமான காரணம் உண்டு. கையில் காசு இல்லை, அல்லது வைக்க இடம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும்? அந்தக் கடைக்காரர் தன் காரை எடுத்துக்கொண்டு ரவாங் போய் வாங்கி வருவார். கடையில் சாமான் இல்லாவிட்டால் லயத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வருவார்கள். நம் தாளில் லிட்டர் குறையும், ஊர் மொத்தத்தில் கூடும். அந்தக் குறைப்பால் யாருக்கும் பயன் இல்லை. தோட்டத்துச் சின்னக் கடை மூடாமல் இருப்பதே ஒரு பெரிய டீசல் சேமிப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காசுப் பிரச்சினைக்குச் சம்பள நாளைப் பாருங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம். அதனால் தோட்டங்களில் மாதத்தின் முதல் வாரத்தில் கையில் காசு புழங்கும். ஏழாம் தேதியை ஒட்டிக் கடைகளில் அரிசியும் எண்ணெயும் மாவும் வேகமாகப் போகும். மூன்றாவது வாரத்தில் எல்லாம் பற்றுதான். எனவே கெட்டுப்போகாத கனச் சாமான்களை முதல் வாரத்துக்கு முன்னாலேயே நிறைய இறக்கிவிட்டு, பணத்தைப் பத்தாம் தேதிக்கு மேல் வாங்குங்கள். கொஞ்ச நாள் கடன் கொடுக்கிறோம், பதிலுக்கு லோரி நிறைந்து போகிறது. நாணயமான கடைக்காரருக்குத் தயங்காமல் இப்படிச் செய்யலாம். முதலாளியை ஒத்துக்கொள்ள வைக்க, அந்த நடையின் டீசல் செலவை எழுதிக் காட்டுங்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது எல்லா முதலாளிக்கும் ஞாபகம் இருக்கும். தகுதி பெற்ற சரக்கு வண்டிகளுக்கு ஃபிளீட் கார்டில் (வண்டிக்கான எரிபொருள் அட்டை) மானிய விலை உண்டு. விண்ணப்பியுங்கள். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக லிட்டர் எண்ணுவதை நிறுத்திவிடாதீர்கள்.

இடப் பிரச்சினைக்குக் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பல தோட்டக் கடைகளில் இடம் இல்லாமல் இல்லை, தரை ஈரம்தான் தொல்லை. அரிசியைத் தரையில் வைக்கப் பயந்து இரண்டு பை மட்டும் வாங்குகிறார்கள். கிடங்கில் சும்மா கிடக்கும் மரப் பலகைத் தட்டு ஒன்றை லோரியில் போட்டு அனுப்பிவிட்டால் பத்துப் பை அடுக்கலாம்.

இவ்வளவு செய்தும் அவசர ஆர்டர் வரும். கோயிலில் அன்னதானம், எதிர்பார்த்ததைவிடக் கூட்டம், அரிசி போதவில்லை என்றால் அனுப்பாமல் இருக்க முடியுமா? அதற்கு லோரியை எடுக்காதீர்கள். ஒரு கப்சாய் மோட்டார் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தாராளமாக ஓடும். போய்வர 20 கிலோமீட்டர் என்றால் அரை லிட்டர் பெட்ரோல், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வாயு. அதே வேலைக்கு லோரி ஓடினால் ஏழரைக் கிலோவுக்கு மேல். இரண்டு பைக்கு மோட்டார் போதும். பத்துப் பை என்றால் மறுநாள் அந்தப் பக்கம் போகும் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கோழிக்காரர், காய்கறி வேன்காரர், ஹார்ட்வேர் கடை லோரி என்று இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான். ஒரு நாள் நம் சாமான் அவர் வண்டியில், இன்னொரு நாள் அவர் பெட்டி நம் லோரியில். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சமையல் கேஸ் தோம்புகளை மூடிய வேனில் உணவுச் சாமானோடு சேர்த்து ஏற்றச் சம்மதிக்காதீர்கள், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும்.

ஏற்றும் முறையும் நேரமும்

கடைசியாக இறக்குவதை முதலில் ஏற்ற வேண்டும் என்பது லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் கெலிண்டான் தம்பிகளுக்கெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தாலும், தாள் முன்கூட்டியே வராவிட்டால் அவர்களால் செய்ய முடியாது. வருகிற பில்லை வருகிற வரிசையில் ஏற்றுவார்கள். அப்புறம் ஒவ்வொரு கடை வாசலிலும் பாதிச் சாமானை இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். அந்த நேரமெல்லாம் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே தாளில் கடைகளின் பெயரைப் போகும் வரிசையில் எழுதி, ஏற்றுவதற்கு அதையே கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏற்றும்போது பில்லை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒருவர் நிற்க வேண்டும். 5 கிலோ பைக்குப் பதில் 10 கிலோ பை போய்விட்டால் அதற்காக இன்னொரு நடை. அந்த நடை எந்தக் கணக்கிலும் தனியாகத் தெரியாது, ஆனால் டன்னுக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணை அதுதான் கெடுக்கும்.

நிறைக்கச் சொல்கிறேன் என்பதற்காக அளவை மீற வேண்டாம். லோரியின் பக்கத்தில் எழுதியிருக்கும் பி.டி.எம். (BDM, சரக்கோடு சேர்த்த மொத்த எடை) எடைதான் எல்லை. மீறினால் பிரேக் பிடிக்காது, டயர் சூடேறும், பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) போகும் ஆட்கள் நடக்கிற தோட்டச் சாலையில் அது உயிர் விஷயம். நம் சரக்கில் பெரும்பாலும் எடை நிறைவதற்கு முன்னால் இடம் நிறைந்துவிடும். மீ பெட்டியும் பிஸ்கட் டின்னும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டதை மேலேயும், அரிசி, மாவு, எண்ணெயைக் கீழேயும் வைத்து இரண்டையும் கலந்து ஆர்டர் வரும்படி பார்த்துக்கொண்டால் லோரி எடையிலும் நிறையும், இடத்திலும் நிறையும்.

நேரத்தைப் பொறுத்தவரை, தோட்டத்தின் நாளை அனுசரித்துப் போங்கள். விடிகாலையில் பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போன பிறகு சாலை காலியாக இருக்கும். கடைக்காரரும் வியாபாரம் ஓய்ந்து சாமானை எண்ணி வாங்க நிற்பார். மதியத்துக்கு மேல் செம்பனைப் பழ லோரிகள் ஆலைப் பக்கம் வரிசை கட்டும். அந்த வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் நின்று நின்று போக வேண்டியதுதான். பூட்டிய கடை வாசலில் காத்திருப்பதும் அப்படித்தான். கிளம்பும்போதே அடுத்த இரண்டு கடைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிடுங்கள்.

சும்மா திரும்பி வராத லோரி

எங்களுக்குச் சரக்கு பெரும்பாலும் செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கத்திலிருந்து வருகிறது. இப்படி ஊருக்கு வெளியே போய்ச் சரக்கெடுக்கும் எல்லோருக்கும் ஒரே சிக்கல்: போகும்போது காலி, வரும்போது நிறைவு. தோட்டப் பக்கம் போகும் லோரிக்கு நேர்மாறு: போகும்போது நிறைவு, வரும்போது காலி. ஆக நாம் ஓடும் தூரத்தில் பாதி எப்போதும் வெறும் ஓட்டம்.

இதைப் பொருத்திப் பாருங்கள். கம்பத்திலும் தோட்ட ஓரத்திலும் சிறிய அளவில் வாழை, மரவள்ளி, தேங்காய், கறிவேப்பிலை போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டி கிடையாது. தோட்டப் பக்கத்திலிருந்து திரும்பும் லோரி அதை எடுத்து வந்தால், மறுநாள் விடிகாலை செலாயாங் போகும் லோரி அதைக் கொண்டுபோகும். கூலி கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் வாசலுக்கு வந்து வாங்கும் ஆள் சொல்லும் விலையைவிட நல்ல விலை கிடைக்கும். இந்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஓர் ஆயா கட்டிக் கொடுக்கும் கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு டீசல் கூடுதலாக ஆகவே ஆகாது.

பயன்படுத்திய சமையல் எண்ணெயையும் எடுக்கலாம். ஒட்டுக்கடைகளில் மொரமொரவென்று வடையும் வாழைப்பழமும் பொரித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றிவிடுகிறார்கள். அதைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பயோடீசல் செய்ய அது நல்ல மூலப்பொருள். மூடி இறுகிய பீப்பாயில், உணவுச் சாமான் இறங்கிய பிறகு மட்டும் ஏற்றுங்கள். காலி அட்டைப் பெட்டிகளும் முட்டைத் தட்டுகளும் அதே மாதிரி திரும்பி வரட்டும்.

செலாயாங் போகும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு ஈஜோக்கில் ஏறிப் போய்விடலாம். டோல் கொடுக்க மனம் இல்லாமல் சுங்கை பூலோ வழியாகச் சிக்னல் சிக்னலாக நிற்பவர்களும் உண்டு. வாய்ப்பேச்சில் இதை முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் இந்த வழி, ஒரு வாரம் அந்த வழி என்று நிறை டாங்கிக் கணக்கில் பார்த்துவிடுங்கள். நம் லோரிக்கு, நாம் கிளம்பும் நேரத்துக்கு எது குறைவு என்பதே கேள்வி. தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் பத்துமலைப் பக்கம் எந்த வழியும் வழி இல்லை. சரக்கை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

டிரைவரும் வண்டியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நல்ல டிரைவருக்கு இதெல்லாம் தெரியும், அவருக்கு அவகாசம் கொடுத்தால் போதும். வேகத்தைக் கூட்டினால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-இல் போவதற்கும் 100-இல் போவதற்கும் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். பெட்டி வடிவ லோரிக்கு இது நன்றாகவே உறைக்கும். தாமதமாகக் கிளப்பிவிட்டு, "அண்ணே, சீக்கிரம் போங்க" என்று சொல்பவர்கள் நாம்தான். ஆர்டரை முந்தின நாளே மூடினால் அதுவும் சரியாகும்.

டயர் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன், காலையில் பாருங்கள். காற்று குறைந்த டயர் அதிகமாக அமுங்கி உருளும், இஞ்சின் அதற்கு வேலை செய்யும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதாக இருந்தால் இஞ்சினை நிறுத்திவிடச் சொல்லுங்கள். இங்கே ஒரு நியாயம் இருக்கிறது: இந்த வெயிலில் டிரைவர் ஏர்கோன் இல்லாமல் லோரிக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. கடைக்காரரிடம் சொல்லி நிழலில் ஒரு நாற்காலியும் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள். அதைச் செய்யாமல் அவரைக் குறை சொல்வது தப்பு.

குளிர்பெட்டி லோரி வைத்திருப்பவர்களுக்குத்தான் பெரிய எச்சரிக்கை. குளிர்பெட்டிகளில் பரவலாகப் பயன்படும் ஆர்-404ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். அதாவது 1,450 லிட்டர் டீசல் எரித்த மாதிரி. நடையைக் குறைத்து, டயரைப் பார்த்து, இஞ்சினை நிறுத்திச் சேர்த்ததெல்லாம் ஒரு சின்ன ஓட்டையில் போய்விடும். "கேஸ் குறைஞ்சிருக்கு, அடிச்சிடுறேன்" என்று பட்டறையில் சொன்னால், எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். அந்த வாயு மூடிய குழாய்க்குள் சுற்றுவது, டீசல் போல எரிந்து தீர்வது அல்ல. குறைந்திருந்தால் எங்கோ வெளியே போயிருக்கிறது என்றே அர்த்தம். எத்தனை கிலோ அடித்தார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்கி, டீசல் புத்தகத்திலேயே தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். கோழி, மீன், உறைய வைத்த சாமான் எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்து ஓட்டினால், குளிர்பெட்டி ஓடும் மணி நேரமும் குறையும், கதவு திறக்கும் தடவையும் குறையும்.

மின்சார லோரி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், டீசல் புகையைக் கடைத்தெருவில் யாரும் சுவாசிக்க வேண்டியிருக்காது. ஆனால் தீபகற்பத்தில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும்தான் தயாராகிறது. பாதி காலியாக ஓடும் பழக்கத்தை மாற்றாமல் வண்டியை மட்டும் மாற்றினால் பலன் கொஞ்சம்தான். நடைகளை ஒழுங்கு செய்த பிறகு, ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் உண்மையில் ஓடுகிறோம் என்பது தெரியும். எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

பெரிய இடத்திலிருந்து படிவம் வந்தால்

பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் தங்கள் வாயுக் கணக்கை வெளியிட வேண்டிய காலம் இது. மலேசியா 2050-க்குள் நிகர பூஜ்ய நிலையை (வெளியிடும் வாயுவும் திரும்ப உறிஞ்சப்படும் வாயுவும் சமமாகும் நிலை) எட்டுவதாக அறிவித்திருக்கிறது. தோட்டக் கம்பெனிகளும் பேரங்காடிகளும் தங்கள் கணக்கைப் போடும்போது, அவர்களுக்குச் சரக்குக் கொண்டுவருபவர்களின் டீசலும் அந்தக் கணக்குக்குள் வருகிறது. அதனால் தோட்ட ஆபீசிலிருந்து ஒரு படிவம் நம் மேசைக்கும் வரலாம். பயப்பட வேண்டாம். ஆலோசகரைத் தேடிக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

அரைப் பக்கம் போதும். அந்த ஆண்டில் போட்ட மொத்த டீசல், பெட்ரோல் லிட்டர், அதை 2.7-ஆலும் 2.3-ஆலும் பெருக்கிய கிலோ, கொண்டுசேர்த்த மொத்த எடை, குளிர்பெட்டிக்கு அடித்த வாயு. இவற்றில் அவர்களுக்கு இறக்கிய எடை எத்தனை பங்கோ, அத்தனை பங்கு வாயு அவர்கள் கணக்கில் போகும். தோட்டம் தூரத்தில் இருந்தால் தூரத்தையும் பெருக்கிக்கொள்ளச் சொல்வார்கள், தாளில் அதுவும் இருக்கிறதே. அதோடு, வாரத்தில் எந்த நாள் வந்தால் லோரி நிறைந்து வரும் என்பதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பெரிய இடங்கள் காலை எட்டு மணிக்கு இன்ன நாளில் வா என்று தங்கள் வசதிக்கு நாள் குறிப்பார்கள். அவர்களே வாயுக் கணக்கைக் கேட்கும்போது, நாளை மாற்றித் தரச் சொல்ல நமக்கு நல்ல வாய்ப்பு. கேட்டால் பல நேரம் தருவார்கள்.

டீசல் ரசீதுகளை மாத வாரியாக உறையில் போட்டு வைப்பதோடு நிறுத்தாமல், அன்றன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்டேஷனில் தரும் ரசீது சூட்டில் அச்சாகும் தாள், லோரியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தால் சில வாரத்திலேயே எழுத்து மங்கிவிடும்.